அலமாரிக்குள் ஒரு விளையாட்டு மூலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இரண்டு படுக்கையறை வீடுகளில் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்குவது பற்றிய கட்டுரையின் கடைசியில், சுவர் அலமாரியின் கீழ்ப்பாதியைக் காலிசெய்து அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். கட்டுரையின் மற்ற பகுதிகளையெல்லாம் தாண்டி, அந்த ஒரு வரியைப் பற்றியே கடிதங்கள் வந்திருக்கின்றன. பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில், ஐந்தடி அகலமும் இரண்டடி ஆழமும் கொண்ட சுவர் அலமாரி பரண் வரைக்கும் உயர்ந்து நிற்கிறது. நான்கு வயது மகளுக்காக அதை விளையாட்டு இடமாக மாற்றித் தரத் தச்சர் ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். 3,000 ரூபாய்க்குள் இதைச் செய்ய முடியுமா?
(மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமாக முடியும். தச்சர் கேட்கும் தொகையில் பெரும்பகுதி புதிய பிளைவுட், மைக்கா, டிராயர் ஆகியவற்றுக்குப் போகும். நான்கு வயதுக் குழந்தை இவற்றில் எதையும் கேட்பதில்லை. மூன்று பக்கம் சுவரும் தலைக்கு மேல் ஒரு கூரையும் உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே கடைக்குப் போவதற்கு முன், அதிலிருந்து எவற்றைக் கழற்றுவது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

முதலில் கழற்றவேண்டியவை கதவுகள். அலமாரிக் கதவு மூடிக்கொண்டால் உள்ளேயிருந்து திறக்க முடியாதபடிதான் பெரும்பாலும் அமைந்திருக்கும். காந்தப் பிடிப்பாக இருந்தால்கூடச் சிறு குழந்தையால் தள்ளித் திறக்க முடியாமல் போகலாம். கீல் இருக்கும் பக்கத்து இடுக்கில் விரல் நசுங்குவதும் வீடுகளில் அடிக்கடி நடப்பது. கதவு அழகாக இருக்கிறதே, திறந்தே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒளிந்து விளையாடும் குழந்தை செய்யும் முதல் வேலையே கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்திக்கொள்வதுதான் என்பதால், இந்த ஒன்றில் மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் இடம் தரமாட்டேன்.

அடுத்தது உள்தட்டுகள். உங்கள் அலமாரியில் தட்டுகள் பக்கச் சுவரில் அடித்த ரீப்பர் கட்டைகளின் மேல் வெறுமனே வைக்கப்பட்ட பலகைகளாக இருந்தால், கீழே உள்ள இரண்டைத் தூக்கி எடுத்துவிடலாம். தரையிலிருந்து நான்கடி உயரம் காலியாகக் கிடைக்கவேண்டும். நான்கு வயதில் குழந்தைகள் ஏறக்குறைய 100 செ.மீ. உயரம் இருப்பார்கள், நான்கடி என்பது 120 செ.மீ. என்பதால் உங்கள் மகள் இன்று உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், ஏழெட்டு வயதிலும் வசதியாக உட்காரலாம். எடுத்த பலகைகளையும் ரீப்பர்களையும் விறகுக்குப் போட்டுவிடாமல் பத்திரப்படுத்துங்கள். நான்கடிக்கு மேல் எஞ்சும் தட்டை நன்றாகத் திருகாணி போட்டு இறுக்கி, அதில் மகளின் துணிகளையே அடுக்கிக்கொள்ளலாம். இனிப்பு டப்பா, ரிமோட், கைப்பேசி போன்றவற்றை மட்டும் அங்கே வைக்காதீர்கள். வைத்தால், கீழே விளையாடவேண்டிய குழந்தை மேலே ஏறத் தொடங்கிவிடும்.

உடை மாட்டும் கம்பி கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது சட்டைகளின் எடைக்காகப் பொருத்தப்பட்டது, குழந்தை தொங்கினால் பிடிமானம் சுவரிலிருந்து பெயர்ந்துவிடும். அந்தக் கம்பியில் சேலையைக் கட்டித் தூளி போட்டுக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம். தூளிச் சேலை முறுக்கிக்கொண்டு குழந்தையின் கழுத்தை இறுக்கிய துயரச் செய்திகள் நம் ஊர்ச் செய்தித்தாள்களில் அவ்வப்போது வந்தபடியேதான் இருக்கின்றன. பரணையும் ஒருமுறை பாருங்கள். பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, பயணப் பெட்டி என்று நம் வீட்டுப் பாரமெல்லாம் ஏறி உட்கார்ந்திருப்பது அங்கேதான். விளிம்பில் துருத்திக்கொண்டிருப்பவற்றை உள்ளே தள்ளுங்கள், அல்லது வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

இவை முடிந்த பிறகு வண்ணப்பூச்சு. நான்கடி உயரத்துக்குப் பின்சுவர் 20 சதுர அடி, இரு பக்கச் சுவர்கள் 16 சதுர அடி, ஆக மொத்தம் 36 சதுர அடிதான். உட்புறச் சுவருக்கான எமல்ஷன் ஒரு லிட்டர் வாங்கினால் இரண்டு முறை பூசலாம். வெளிர்நிறமாகத் தேர்ந்தெடுத்தால் உள்ளே வெளிச்சம் கூடும். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு உங்கள் அலமாரியில் இருந்தால், குறிப்பாக மரச்சட்டத்தில் எனாமல் பூசப்பட்டிருந்தால், அதை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அன்று குழந்தையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூசிய பின் வாடை முழுவதும் அடங்கும் வரை உள்ளே விடவேண்டாம்.

தரைக்குத்தான் கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்கலாம். கோத்துப் பொருத்தும் நுரைப் பாய் இரண்டடிச் சதுரத் துண்டுகளாகக் கிடைக்கிறது. உங்கள் அலமாரிக்கு மூன்று துண்டுகள் போதும், ஒன்றை வெட்டிக்கொள்ளலாம். அதன்மேல் பவானி ஜமுக்காளம் ஒன்றை இரண்டாக மடித்து விரித்தால், துவைத்துக் காயவைப்பதும் எளிது. கதவுக்குப் பதிலாகத் திரை வேண்டுமென்றால், பழைய பருத்திச் சேலையை இரண்டாக வெட்டி, மேல் ஓரத்தில் வெல்க்ரோ பட்டை தைத்து, மரச்சட்டத்தில் ஒட்டிய இணைப் பட்டையில் பதித்துவிடுங்கள். குழந்தை பிடித்து இழுத்தால் துணி மட்டும் கையோடு வரும். கம்பியும் விழாது, கயிறும் கழுத்தில் சுற்றாது. திரை தரைக்கு ஒரு சாண் மேலே நின்றால் உள்ளே இருப்பவரின் கால்கள் உங்களுக்குத் தெரியும். திரையும் தலையணை உறையும் வீட்டுச் சேலையிலேயே முடிந்துவிடுவதால், பெயின்ட், தூரிகை, பாய், வெல்க்ரோ எல்லாம் சேர்த்து 3,000 ரூபாயில் மீதியும் இருக்கும்.

கேள்வி: உள்ளே சிறு சிறு விளக்குகளைத் தொங்கவிட்டால் அழகாக இருக்கும் என்று நினைக்கிறேன். எந்த வகை பாதுகாப்பானது?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கதவில்லாத அலமாரிக்குப் பகலில் அறை வெளிச்சமே போதும். மாலை நேரத்துக்கு விளக்கு வேண்டுமென்றால், மின்கலத்தில் இயங்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். சுவர் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து உள்ளே கொண்டுபோவது, சூடேறும் பழைய குண்டு பல்பை மாட்டுவது ஆகிய இரண்டும் கூடாது. துணியும் பஞ்சும் நிறைந்த இடம் அது.

நீங்கள் விளக்கின் அழகைக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதன் மின்கலத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. அலங்காரச் சரவிளக்குகள் பலவற்றில் நாணயம்போல் தட்டையான லித்தியம் பொத்தான் செல் இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கடுமையாக அரித்துவிடும். ஆகவே பொத்தான் செல் உள்ளவற்றைத் தவிர்த்து, வழக்கமான பென்சில் செல் போடுகிற, செல் அறையின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்ட விளக்காகப் பார்த்து வாங்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும், வீட்டுவைத்தியம் எதுவும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கேள்வி: எங்களுடையது பழைய வீடு. அலமாரியில் கடப்பா கல் தட்டுகள் சுவருக்குள் பதித்திருக்கின்றன. ஆழம் ஒன்றரையடிதான். கீழ்க் கல்லை உடைத்து எடுத்துவிடலாமா?
(மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: உடைக்காதீர்கள். சுவருக்குள் செருகிப் பூசிய கல்லைப் பெயர்த்தால் சுவரும் சேர்ந்து பெயரும். கொத்தனார் கூலி, பூச்சு வேலை என்று செலவு நீண்டுகொண்டே போகும். உடைத்தாலும் ஒன்றரையடி ஆழத்தில் குழந்தை சுருண்டு உட்காரலாமே தவிர, கால் நீட்டி விளையாட இடம் போதாது. உங்கள் அலமாரியைப் பொம்மைகளுக்கும் புத்தகங்களுக்கும் விட்டுவிட்டு, அதற்கு முன்னாலுள்ள தரையைக் குழந்தைக்குக் கொடுங்கள். இரு பக்கமும் பருத்தித் திரை தொங்கவிட்டு, கீழே கோரைப்பாய் விரித்துவிட்டால் அந்த இடம் தனி மூலையாகத் தோன்றும். மதுரை வெயிலுக்கு நுரைப் பாயைவிடக் கோரைப்பாய் உடம்புக்கு இதம் என்பது என் கருத்து.

கல்லின் விளிம்பு குழந்தையின் நெற்றி உயரத்தில் இருப்பது நிச்சயம் கவனிக்கவேண்டியது. ஏ.சி. செப்புக் குழாயைச் சுற்றிப் போடும் கறுப்பு நுரைக் குழாய் மின்பொருள் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை நீளவாக்கில் கீறி விளிம்பில் செருகி, உட்புறம் பசை வைத்து ஒட்டிவிட்டால் போதும். கடைகளில் தனியாக விற்கும் முனைக் காப்புகளைவிட இது மலிவு. நுரையைப் பிய்த்துத் தின்னும் வயதுக் குழந்தையாக இருந்தால் மட்டும் அதன்மேல் துணி சுற்றித் தைத்துவிடுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. ஆணி அடிக்கக்கூடாது, துளை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அலமாரி மூன்றடி அகலம்.
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: மூன்றடி என்றால் இரு பக்கச் சுவருக்கும் நடுவே அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் திரைக்கம்பி பொருத்தமானது, துளையே தேவையில்லை. எடை குறைந்த கம்பியாகவும் மெல்லிய துணியாகவும் இருக்கட்டும். கதவைக் கழற்றும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும், அலமாரி இருந்த நிலையைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் பின்னால் வரக்கூடிய மனத்தாங்கலைத் தவிர்க்கும். கீல்களைக் கதவோடு விட்டுவிட்டு, சட்டத்திலிருந்து மட்டும் கழற்றி, அந்தத் திருகாணிகளை ஒரு சிறு பையில் போட்டுக் கதவின் பின்புறத்தில் ஒட்டிவையுங்கள். கழற்றிய கதவைச் சுவரில் சாய்த்து வைக்காமல், கட்டிலுக்கு அடியில் படுக்கவைப்பதுதான் நல்லது. சுவருக்குப் பெயின்ட் அடிக்க முடியாத குறையை ஒரு பழைய படுக்கை விரிப்பால் போக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் அலமாரியில் பூஞ்சை வாடை வருகிறது. அதற்காக அந்துருண்டை போட்டிருக்கிறோம். குழந்தைக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாமா?
(நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இப்போதைய நிலையில் கொடுக்கக்கூடாது. அந்துருண்டைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். நாப்தலீனால் ஆன அவை குழந்தையின் கண்ணுக்கு மிட்டாயாகத் தெரிகின்றன, விழுங்கினால் நஞ்சு. ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் சோகை உண்டாகக்கூடும். அப்படிப்பட்ட குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டியே தெரிந்திருப்பதில்லை. மாற்றாகக் கற்பூரம் வைக்கலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். சிறிதளவு கற்பூரத்தை விழுங்கினாலும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். அந்துருண்டையோடு நெடுநாள் இருந்த துணிகளையும் நன்றாக வெயிலில் உலர்த்தித் துவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

இனி ஈரம். அது சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் பூச்சு அடிப்பது வீண்செலவு. ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை அலமாரியின் பின்சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே நீர் பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்பக்கத்தில் மட்டும் பூத்திருந்தால் அது அறையின் ஈரப்பதம். உங்கள் கடிதத்தில் பின்சுவருக்கு அப்பால் குளியலறை என்று குறிப்பிட்டிருப்பதால், குழாய்க் கசிவோ தரை ஓட்டின் இடுக்கோ காரணமாக இருக்கலாம். முதலில் பிளம்பரை அழையுங்கள். சுவர் முழுதும் காய்ந்து, உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டி மறுபடி பூசிய பிறகுதான் மற்ற வேலை. காரணம் அறை ஈரப்பதம்தான் என்றால், கதவைக் கழற்றிக் காற்றோட்டம் தருவதே பாதி வேலையைச் செய்துவிடும். பாயையும் ஜமுக்காளத்தையும் வாரம் ஒருமுறை எடுத்து வெயிலில் போடுங்கள். தலையணைக்கு இலவம்பஞ்சைவிடத் துவைக்கக்கூடிய பழந்துணித் துண்டுகளை அடைப்பது உங்கள் ஊருக்கு ஏற்றது. குழந்தைக்கு இழுப்புத் தொல்லை இருந்தால் இந்த அலமாரியை மறந்துவிட்டு, வீட்டில் நன்றாகக் காயும் வேறொரு மூலையைப் பாருங்கள்.

கேள்வி: பழைய இரும்பு பீரோ ஒன்று சும்மா நிற்கிறது. தட்டுகளைக் கழற்றிவிட்டு அதையே பயன்படுத்தலாமா?
(சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கூடாது. பீரோவின் கதவு மூடினால் தானாகவே பிடித்துக்கொள்ளும், உள்ளே காற்று மிகக் குறைவு, தகட்டின் ஓரம் கத்திபோல் வெட்டும், குழந்தை ஏறினால் மொத்தமும் முன்பக்கம் சாயும். விற்றுவிடுங்கள், அந்தப் பணமே பாய்க்கும் புத்தகங்களுக்கும் ஆகும். வைத்துக்கொள்வதாக இருந்தால் சுவரோடு இரும்புக் கோணத்தால் பிணைத்து, பூட்டியே வையுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்து முடித்தோம். மூன்று வயது மகன் இரண்டு நாள் உள்ளே உட்கார்ந்தான், பிறகு எட்டிப்பார்ப்பதில்லை. உள்ளே ஏராளமான பொம்மைகளை வைத்திருக்கிறோம். எங்கே தவறு?
(திருப்பூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: “ஏராளமான” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொம்மைகள் குவிந்திருக்கும் இடத்தில் குழந்தை எதையும் எடுத்து முழுமையாக விளையாடுவதில்லை. கொட்டிக் கலைத்துவிட்டுப் போய்விடும். ஐந்தாறு பொருள்களை மட்டும் உள்ளே வைத்து, மற்றவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மறைந்திருந்து திரும்பி வரும் பழைய பொம்மைக்கு, புதுப் பொம்மைக்குக் கிடைக்கும் வரவேற்பே கிடைக்கும்.

வைக்கும் முறையும் முக்கியம். 1907இல் ரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, குழந்தைகள் தாமே எடுத்துத் தாமே திருப்பி வைக்கும்படி தாழ்வான திறந்த தட்டுகளை வற்புறுத்தினார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் இங்கேயே தங்கி, ஏராளமான ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். நம் ஊர் மழலைப் பள்ளிகள் பலவற்றில் இன்றும் காணப்படும் குட்டையான தட்டுகளுக்குப் பின்னால் அந்த வரலாறு உண்டு. உங்கள் வீட்டில் அதற்குத் தச்சு வேலை எதுவும் தேவையில்லை. பழக்கடையில் கிடைக்கும் மரப்பெட்டியின் ஆணிகளை நீக்கி, வழவழப்பாகத் தேய்த்துப் படுக்கவைத்தால் ஒரு தட்டு தயார். பனையோலைக் கொட்டான் ஒன்றில் செப்புச் சாமான், இன்னொன்றில் மரக் கட்டைகள் என்று பிரித்து வைத்தால், எது எங்கே இருக்கிறது என்பது மகனுக்கே தெரியும்.

எந்தப் பொருள்கள் என்றால், அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான்களையும் சன்னபட்டணத்து மரப் பொம்மைகளையும் நான் முதலில் சொல்வேன். ஒரே பொருள் இன்று அடுப்பாகவும் நாளை வண்டியாகவும் மாற இடம் கொடுப்பவை அவை. பொத்தானை அழுத்தினால் தானாகவே பாடி ஆடும் பொம்மையில் குழந்தை செய்வதற்கு என்ன இருக்கிறது? கடையில் பிளாஸ்டிக் பொம்மை வாங்குவதாக இருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்; 2021 ஜனவரி முதல் நாட்டில் விற்கப்படும் பொம்மைகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மகனுக்கு மூன்று வயதுதான் ஆகிறது என்பதால் பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு போன்றவை பெரியவர்கள் கூட உட்காரும்போது மட்டும் வெளியே வரட்டும்.

நீங்கள் இருப்பது திருப்பூர் என்பதால் தலையணைக்கு விலை கொடுக்கவேண்டாம். எடைக்குக் கிடைக்கும் பனியன் வெட்டுத்துணியை வாங்கி, வெந்நீரில் அலசிக் காயவைத்து, சேலைத் துணி உறைக்குள் அடைத்துத் தைத்துவிட்டால், எத்தனை முறை துவைத்தாலும் தாங்கும். புத்தகங்களை முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரியும்படி நிறுத்தி வையுங்கள். எழுத்துத் தெரியாத குழந்தை படத்தைப் பார்த்துத்தானே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ ஆகியவை தமிழில் படப்புத்தகங்கள் வெளியிடுகின்றன.

இவ்வளவும் செய்த பிறகும் மகன் தனியே உள்ளே போகவில்லை என்றால், முதல் சில நாள்கள் நீங்களும் அலமாரியின் வாயிலில் உட்கார்ந்து ஒரு கதை படியுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குத் தனிமையைவிடப் பக்கத்தில் ஆள் இருப்பதே பிடிக்கும். அந்த அலமாரி கூடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கடைசி அறையில் இருந்தால் அவன் போகாததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

கேள்வி: எட்டு வயது மகளும் மூன்று வயது மகனும் ஒரே அலமாரிக்குச் சண்டையிடுகிறார்கள். மகள் இன்னும் ஓரிரு ஆண்டில் அதற்குள் உட்காரவும் மாட்டாள். இரண்டாவது முறை செலவு செய்யாமல் என்ன செய்யலாம்?
(தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சண்டைக்கு நேரம் பிரித்துக் கொடுப்பதைவிட இடம் பிரித்துக் கொடுப்பது எளிது. அலமாரி நாலரையடி அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பக்கம் இரண்டரையடியை மகனுக்கு விட்டுவிட்டு, மறுபக்கத்து இரண்டடியில், நீங்கள் முன்பு கழற்றிய தட்டுப் பலகையை அளவுக்கு வெட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மகளுக்கு எழுதும் மேசையாகப் பொருத்தலாம். ஒரு முனையை அலமாரியின் பக்கச் சுவரிலுள்ள ரீப்பர் தாங்கும். மறுமுனைக்கு ஒரு நிறுத்துப் பலகை வேண்டும், அதுவே இருவருக்கும் நடுவே தடுப்பாகவும் அமையும். இரண்டடி ஆழம் நோட்டும் புத்தகமும் விரித்து வைக்கப் போதுமானது. நாற்காலியை வெளியே போட்டு, காலை உள்ளே நீட்டி உட்காருவாள். தம்பியின் கை எட்டாத உயரத்தில் அவளுடைய பொருள்களுக்கென்று ஒரு சிறு தட்டு அடித்துக் கொடுங்கள். சண்டையின் வேர் பெரும்பாலும் அவளுடைய கலர் பென்சில்களை அவன் எடுப்பதில்தான் இருக்கும்.

மகள் உயரும்போது பலகையை மூன்று நான்கு அங்குலம் மேலே ஏற்றவேண்டியிருக்கும். ஆகவே ரீப்பரைப் பசை போட்டு நிரந்தரமாக ஒட்டாமல் திருகாணியில் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பலகையை வெட்டி ஓரம் மழித்துப் பொருத்தித் தர உள்ளூர்த் தச்சருக்கு ஒரு நாள் கூலி ஆகும், மரத்துக்குச் செலவில்லை.